கோலார் எரிமலை தங்கத்தைக் கக்கல: ஒரு கருப்புக் கல்லோட கெமிஸ்ட்ரி

கோலார்ல தங்கம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா பாதிப் பேர் சொல்ற பதில் ஒண்ணுதான், "அங்க ஒரு காலத்துல எரிமலை இருந்துச்சு, அது வெடிச்சப்ப தங்கமும் சேந்து வெளிய வந்துடுச்சு". என் சித்தப்பா பையன் போன மாசம் இதையே கேட்டான், அவன் பிளஸ் டூ படிக்கிறான். இதுல எரிமலைங்கிற பாதி சரி, தங்கம் சேந்து வந்துச்சுங்கிற பாதி தப்பு. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் நீட்டி இங்க எழுதுறேன். ஜியாலஜி படிக்காதவங்களும் படிக்கலாம், ஃபார்முலா எதுவும் வராது.

முதல்ல ஒரு கணக்கு. சாதாரண எரிமலைக் கல்லு, அதான் பசால்ட்னு சொல்றோமே அது, அதுல தங்கம் இருக்கா? இருக்கு. உலகத்துல எந்த பசால்ட்டை எடுத்துப் பாத்தாலும் நூறு கோடியில ஒண்ணு, ரெண்டு, மிஞ்சிப்போனா சில பங்கு தங்கம் இருக்கும். ரெண்டு பங்குன்னே வச்சுப்போம், அப்படின்னா ஒரு டன் கல்லுல 2 மில்லிகிராம். ஒரு பவுன் 8 கிராம், ஆக ஒரு பவுன் எடுக்க 4,000 டன் கல்லை உடைக்கணும். எந்தக் கம்பெனியும் இதைச் செய்யாது. கோலார் எரிமலைக் கல்லும் அடிப்படையில இதே ரகம்தான், லாவாவா ஓடி வந்தப்ப அதுல தங்கம் ஒண்ணும் கொட்டிக் கிடக்கல. ஆனா அதே கல்லுக்கு நடுவுல ஓடுற வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) ரேகையில டன்னுக்கு பத்து கிராம், அதுக்கும் மேலன்னு கெடைச்சிருக்கு, அதாவது 5,000 மடங்கு. அந்த 5,000 மடங்கு எங்கேருந்து வந்துச்சுங்கிறதுதான் கேள்வி.

இடத்தைப் பத்தி சுருக்கமா. கர்நாடகாவுல பங்காரப்பேட்டைலேருந்து மாரிகுப்பம் போற ரயில் பாதை, ஊரிகம், சாம்பியன் ரீஃப்னு சுரங்க ஊருங்க, இந்தப் பேரெல்லாம் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கம் பல வீடுகள்ல பாட்டன் காலத்துலேருந்தே புழங்குற பேரு, ஏன்னா சுரங்கத்துக்குள்ள எறங்குன ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க அங்கேருந்து போனவங்கதான். ஜான் டெய்லர் கம்பெனி 1880ல ஆரம்பிச்சு, அப்புறம் அரசாங்கம் எடுத்து நடத்தி, 2001 பிப்ரவரி 28 அன்னிக்கு மூடுனாங்க. ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல, மொத்தமா எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல. இதெல்லாம் ஒரு நீளமான கருப்புக் கல் பட்டையில நடந்துச்சு, வடக்கு தெற்கா சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் சில கிலோமீட்டர்தான். ஜியாலஜிக்காரங்க இதை கோலார் ஷிஸ்ட் பெல்ட்டுன்னு சொல்வாங்க. ரெண்டு பக்கமும் வெளிர் நிற நைஸ் பாறையும் கிரானைட்டும், நடுவுல இந்தக் கருப்புப் பட்டை, வெள்ளை வேட்டியில கருப்புக் கரை போட்ட மாதிரி.

அந்தக் கருப்புக் கல்லு லாவாதான்னு எப்படித் தெரியும்? சில இடத்துல கண்ணாலயே பாக்கலாம். தங்கவயல் பக்கத்துல பெத்தபள்ளின்னு ஒரு இடம் இருக்கு, அங்க தலையணை தலையணையா அடுக்குன மாதிரி பாறை. லாவா தண்ணிக்கு அடியில கொட்டுனா வெளித்தோல் சட்டுனு உறைஞ்சுடும், உள்ள இருக்கிற கொழம்பு தோலைக் கிழிச்சுக்கிட்டு இன்னொரு உருண்டையா பிதுங்கும், இப்படி உருண்டை மேல உருண்டையா சேரும். அதனால இதைப் பாத்தாலே இங்க ஒரு காலத்துல தண்ணி இருந்துச்சு, கடலுக்கடியிலதான் எரிமலை கக்குச்சுன்னு புரிஞ்சுடும். இந்திய புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தை தேசிய புவியியல் நினைவுச்சின்னமாவே அறிவிச்சிருக்கு.

ஆனா பெல்ட்டுல பெரும்பாலான இடத்துல இந்த மாதிரி உருவம் எதுவும் மிச்சமில்ல. வயசு சுமார் 270 கோடி வருஷம், அதுக்கப்புறம் பூமிக்கடியில போய் 500, 600 டிகிரி சூட்டுல வெந்து, ரெண்டு பக்கமும் அமுக்கி, மடிச்சு, இழுத்து, பழைய கனிமம் எல்லாம் போய் ஹார்ன்பிளெண்டுன்னு கருப்பு ஊசி ஊசியா ஒரு கனிமமும் கொஞ்சம் ஃபெல்ஸ்பாரும்தான் மிச்சம். இந்தக் கல்லுக்கு இப்ப பேரு ஆம்ஃபிபோலைட். கையில எடுத்துப் பாத்தா கருப்பா, கனமா இருக்கும், அவ்ளோதான். இது முன்னாடி என்னவா இருந்துச்சு, எந்த மாதிரி லாவா, எவ்வளவு ஆழத்துலேருந்து வந்துச்சுன்னு கல்லோட மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியாது. இங்கதான் ஜியோகெமிஸ்ட்ரி வருது, அதாவது கல்லுக்குள்ள எந்தத் தனிமம் எவ்வளவு இருக்குன்னு அளந்து அதோட கதையைக் கண்டுபிடிக்கிற படிப்பு.

சரி, கல்லைப் பொடி பண்ணி உள்ள என்னென்ன இருக்குன்னு அளந்துட்டா போச்சுன்னு தோணும். அதுல ஒரு வம்பு இருக்கு. இத்தனை கோடி வருஷத்துல சூடான தண்ணி அந்தக் கல்லுக்குள்ள எத்தனை தடவை போய் வந்திருக்கும், போகும்போது சிலதைக் கரைச்சு எடுத்துக்கிட்டுப் போயிடும், சிலதைப் புதுசா விட்டுட்டுப் போகும். சோடியம், பொட்டாசியம், ருபிடியம், பேரியம் இதெல்லாம் சட்டையில பட்ட உப்புத் தண்ணி மாதிரி, ஒரு அலசுல போயிடும். டைட்டானியம், சிர்கோனியம், நியோபியம், இட்ரியம், தோரியம், அரிய மண் தனிமங்கள் (லாந்தனம்லேருந்து லுட்டீசியம் வரைக்கும் வரிசையா வர்ற ஒரு குடும்பம்), இதெல்லாம் மஞ்சக்கறை மாதிரி, எத்தனை தடவை தோச்சாலும் அங்கேயே உக்காந்திருக்கும். (தோரியமும் அரிய மண்ல லேசானதுங்களும் எப்பவாவது கொஞ்சம் நகரும், ஆனா பெரும்பாலும் நம்பலாம்.) அதனால பழைய எரிமலைக் கல்லைப் படிக்கிறவங்க உப்பை நம்ப மாட்டாங்க, மஞ்சக்கறையைத்தான் நம்புவாங்க. இந்த ஒரு விஷயம் மனசுல நின்னுட்டா ஜியோகெமிஸ்ட்ரி கட்டுரைகள்ல பாதி புரிஞ்சுடும், ஏன் எல்லா வரைபடத்துலயும் சிர்கோனியம், டைட்டானியம்னே வருதுன்னு அப்புறம் குழம்ப மாட்டீங்க.

லேப்ல என்ன பண்றாங்கன்னா, மழை வெயில் பட்டு துருப்பிடிச்ச மேல்தோலை வெட்டி எறிஞ்சுட்டு, வெள்ளை ரேகை எதுவும் ஓடாத சுத்தமான உள்கல்லா எடுத்து, டால்கம் பவுடர் மாதிரி அரைப்பாங்க. அரைக்கிற பாத்திரத்துலயும் கவனம் வேணும், டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்துல அரைச்சா டங்ஸ்டனும் கோபால்ட்டும் பொடியில ஏறிக்கும், அப்புறம் கல்லுல டங்ஸ்டன் ஜாஸ்தின்னு கட்டுரை எழுதிட்டு அசிங்கப்படணும். அரைச்ச பொடியில ஒரு பங்கை கண்ணாடி வில்லையா உருக்கி எக்ஸ்ரே மிஷின்ல வச்சு சிலிக்கா, மக்னீசியம், இரும்பு மாதிரி பெரிய ஆளுங்களை அளப்பாங்க, இன்னொரு பங்கை ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்ல கரைச்சு பிளாஸ்மா மிஷின்ல விட்டு பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதுக்கும் கீழ இருக்கிற சின்ன ஆளுங்களை அளப்பாங்க. தங்கத்துக்கு மட்டும் தனி வழி, 30, 50 கிராம்னு நிறையப் பொடி எடுத்து ஈயத்தோட சேத்து உலையில உருக்குவாங்க, ஈயம் தங்கத்தைத் தன்கூட இழுத்துக்கிட்டு அடியில எறங்கிடும், அப்புறம் ஈயத்தைப் பிரிச்சு எடுத்துடுவாங்க. ஏன் இவ்வளவு பொடின்னா தங்கம் கல்லுல சீரா பரவி இருக்காது, எங்கயோ ஒரு துணுக்கா உக்காந்திருக்கும், ஒரு சிட்டிகை எடுத்தா ஒண்ணு ஒண்ணுமே இருக்காது, இல்ல அந்தத் துணுக்கு மாட்டி டன்னுக்கு நூறு கிராம்னு காட்டும்.

இப்ப ரிசல்ட்டு வந்தாச்சு. மொதல்ல பாக்கிறது மக்னீசியம். இன்னிக்குக் கடலடியில வர்ற சாதாரண பசால்ட்டுல மக்னீசியம் ஆக்சைடு 7, 8 சதவீதம் இருக்கும். கோலார்ல சில ஆம்ஃபிபோலைட்டுல அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல. 18 சதவீதத்தைத் தாண்டுற லாவாவுக்கு கோமாட்டியைட்டுன்னு பேரு, தென்னாப்பிரிக்காவுல கோமாட்டி ஆத்தங்கரையில 1969ல வில்யூன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் மொதல்ல அடையாளம் காட்டுனது. இதுல என்ன விசேஷம்னா, மக்னீசியம் ஏற ஏற லாவாவோட சூடும் ஏறும். இன்னிக்கு பசால்ட்டு 1,200 டிகிரி சொச்சத்துல வருதுன்னா நல்ல கோமாட்டியைட்டு 1,600 டிகிரி கிட்ட வந்திருக்கும். பூமி அப்ப உள்ள எவ்வளவு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு இந்த ஒரு நம்பர் சொல்லிடும். இப்ப அந்த மாதிரி லாவா உலகத்துல எங்கயும் வர்றதில்ல, நம்ம பூமி ஆறிப்போச்சு. மக்னீசியத்துக்குக் கூடவே நிக்கலும் குரோமியமும் ஏறும், ஏன்னா இதுங்க ரெண்டும் பூமியோட மேல் ஓட்டுக்குக் கீழ இருக்கிற மேன்ட்டில்ங்கிற பாறை அடுக்குல ஆலிவின், குரோமைட்டு மாதிரி கனிமங்களோட ஒட்டி வாழுற ஆளுங்க. அதனால மக்னீசியத்தை மட்டும் நம்ப வேண்டாம், நிக்கலும் குரோமியமும் சேந்து ஏறியிருந்தாத்தான் இது பொறக்கும்போதே கோமாட்டியைட்டு குடும்பம்னு தைரியமா சொல்லலாம்.

அடுத்தது அரிய மண் தனிமங்கள். இது கொஞ்சம் கஷ்டமான இடம், நான் இதை டிகாஷன் வச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

மேன்ட்டில் முழுசா உருகி லாவா ஆகறதில்ல, அதுல ஒரு பங்குதான் உருகும், மிச்சம் சக்கையா அங்கேயே நிக்கும். ஃபில்டர்ல காப்பிப் பொடி போட்டு சுடுதண்ணி ஊத்துனா மொதல்ல எறங்குறது கெட்டி டிகாஷன், அதுலயே பொடியோட சாரம் பெரும்பாலும் வந்துடும். அதே பொடியில மறுபடி தண்ணி ஊத்துனா ரெண்டாவது டிகாஷன், நெறம் இருக்கும், சாரம் இருக்காது. அரிய மண்ல லாந்தனம், சீரியம் மாதிரி லேசான ஆளுங்க இந்தச் சாரம் மாதிரி, கொஞ்சம் உருகுனா போதும் மொத ஆளா வெளிய ஓடி வந்துடுவாங்க. இட்டெர்பியம், லுட்டீசியம் மாதிரி கனமான ஆளுங்க கொஞ்சம் அடம்பிடிச்சு சக்கையோடவே நிப்பாங்க, அதுலயும் ஆழத்துல கார்னெட்டுன்னு ஒரு செகப்புக் கனிமம் இருந்துட்டா அது இவங்களைக் கட்டிப் புடிச்சுக்கும், விடவே விடாது. ஆக ஒரு லாவாவுல லேசான ஆளுங்க நிறைய இருந்தா அது கெட்டி டிகாஷன், இல்ல சாரம் ஜாஸ்தியான பொடியில போட்டது. லேசான ஆளுங்களே கம்மியா இருந்தா, அந்தப் பொடியில ஏற்கெனவே யாரோ ஒரு தடவை காப்பி போட்டுட்டாங்கன்னு அர்த்தம்.

இதைப் படமாப் போட ஒரு வழக்கம் இருக்கு. நேரடியா அளவைப் போட்டா ரம்பப் பல்லு மாதிரி மேலயும் கீழயும் போகும், ஏன்னா அண்டத்துலயே இரட்டைப்படை அணு எண் தனிமங்கள் பக்கத்து ஒற்றைப்படையைவிட ஜாஸ்தி. அதனால ஒவ்வொண்ணையும் காண்ட்ரைட்டுங்கிற விண்கல்லுல இருக்கிற அளவால வகுத்துடுவாங்க, அந்த விண்கல்லு பூமி உருவான மூலப்பொருள் மாதிரி, வகுத்ததும் கோடு வழுவழுன்னு வந்துடும். அப்புறம் கோடு எடது பக்கம், அதாவது லேசான ஆளுங்க இருக்கிற பக்கம், தூக்கியிருக்கா, தாழ்ந்திருக்கான்னு பாத்தாப் போதும்.

கோலார்ல இந்தக் கோட்டைப் போட்டுப் பாத்தப்பதான் விஷயம் சுவாரசியமாச்சு. 1980கள்ல டெல்லி ஜேஎன்யூ பேராசிரியர் ராஜாமணி, அமெரிக்காவுல ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்து ஹான்சன், அவங்களோட வேலை செஞ்சவங்க எல்லாம் சேந்து பெல்ட்டோட மேற்குப் பக்கத்துக் கல்லையும் கிழக்குப் பக்கத்துக் கல்லையும் தனித்தனியா அளந்தாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒரே கருப்பு ஆம்ஃபிபோலைட்டு, நடுவுல சில கிலோமீட்டர் கூட இல்ல. ஆனா மேற்குல இருந்த மக்னீசியம் ஜாஸ்தியான கல்லுல லேசான அரிய மண் கம்மி, அதாவது ரெண்டாவது டிகாஷன். கிழக்குல இருந்த அதே மாதிரி கல்லுல லேசான அரிய மண் ஜாஸ்தி. ஒரே எரிமலை, ஒரே மேன்ட்டில்னா இப்படி வராது. ரெண்டும் வேற வேற பொடியில போட்ட காப்பி.

அத்தோட விடல. பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற நைஸ் பாறையில சிர்கான்னு ஒரு கனிமத்தோட குட்டி மணியை எடுத்து யுரேனியம், ஈயம் வச்சு வயசு பாத்தாங்க. மேற்குல 263 கோடிலேருந்து 255 கோடி வருஷம் வரைக்கும் வேற வேற வயசு, அதுக்குள்ள இன்னும் பழைய பாறையோட சுவடும் இருந்துச்சு. கிழக்குல 253 கோடி, பழைய சுவடு இல்ல. ரெண்டு வேற நிலத்துண்டு, ரெண்டுக்கும் வேற வரலாறு, நடுவுல நசுங்கிப்போன கடலடி லாவா. 1989ல சயின்ஸ் இதழ்ல இதை வச்சு, 250 கோடி வருஷத்துக்கு முன்னாடியே இந்தியாவுல நிலத்தட்டுங்க நகந்து மோதியிருக்குன்னு எழுதுனாங்க. வேட்டியோட கரைன்னு மேல சொன்னேன்ல, அது கரை இல்ல, தையல். ரெண்டு துணியை ஒட்டுன தையல்.

ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி கோட்டைப் பாத்துட்டு உடனே கதை கட்டுறது ஆபத்து. லாவா மேல ஏறி வரும்போது வழியில பழைய கிரானைட்டு, நைஸைக் கொஞ்சம் கரைச்சுக் குடிச்சுட்டு வந்தாலும் லாந்தனமும் தோரியமும் ஏறிடும், நியோபியம் மட்டும் பின்தங்கி நிக்கும், பாக்க அப்படியே ஒரு நிலத்தட்டு இன்னொண்ணுக்கு அடியில போற இடத்துல வர்ற எரிமலை மாதிரியே தெரியும். அதைப் பிரிச்சறிய நியோடிமியம், ஈயம் ஐசோடோப் எல்லாம் பாக்கணும், கோலார்ல அதையும் செஞ்சுதான் பேசுனாங்க. நாலு கல்லை அளந்து ஒரு முக்கோண வரைபடத்துல புள்ளி வச்சு இது இன்ன எரிமலைன்னு தீர்ப்பு எழுதுற தீசிஸ் எத்தனையோ இருக்கு, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை கிடையாது.

சரி தங்கத்துக்கு வருவோம், சித்தப்பா பையன் பொறுமையிழந்துட்டான்.

லாவா கடலடியில உறைஞ்சப்போ கடல் தண்ணி உள்ள போய் குளோரைட்டு மாதிரி பச்சைக் கனிமங்களா மாத்திடுச்சு, அந்தக் கனிமங்களோட உடம்புலயே தண்ணி மாட்டிக்கிட்டு இருக்கும். கந்தகம் பைரைட்டா இருக்கும். அப்புறம் நிலத்துண்டுங்க மோதி இந்தக் கல்லு ஆழத்துக்குப் போய் 500 டிகிரி கிட்ட வந்ததும் குளோரைட்டு உடைஞ்சு ஹார்ன்பிளெண்டா மாறும், தண்ணி வெளிய வரும், பைரைட்டு பைரோட்டைட்டா மாறி கந்தகத்தையும் விடும். சூடான தண்ணி, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, கந்தகம். தங்கம் தனியா தண்ணியில கரையாது, ஆனா கந்தகம் கூட ஜோடி சேந்துட்டா ஜம்முனு கரையும். கந்தகம்தான் வண்டி, தங்கம் பயணி. இந்தத் தண்ணி பல கன கிலோமீட்டர் கல்லுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா தங்கத்தைப் பொறுக்கிக்கிட்டு வெடிப்பு வழியா மேல ஏறும்.

அவ்வளவு தங்கம் சாதாரணக் கல்லுலேருந்து வந்துடுமான்னு சந்தேகம் வரும், கணக்குப் போட்டுப் பாருங்க. 800 டன் தங்கம், டன்னுக்கு 2 மில்லிகிராம்னா 40,000 கோடி டன் கல்லு வேணும், ஒரு கன மீட்டர் மூணு டன்னுன்னு வச்சா 130 கன கிலோமீட்டர் சொச்சம். 80 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலம் இருக்கிற பட்டையில அரை கிலோமீட்டர் ஆழம் கூட வேண்டாம். எல்லாத் தங்கமும் வழிச்சு எடுக்க முடியாது, பத்துல ஒரு பங்குதான் வந்துச்சுன்னு வச்சாலும் நாலு, நாலரை கிலோமீட்டர் ஆழத்துக்கான கல்லு போதும், அது பூமிக்கணக்குல ஒண்ணுமே இல்ல. அதனால தங்கம் நிறைஞ்ச விசேஷ எரிமலை தேவையே இல்ல, சாதாரண எரிமலையும் நல்ல வடிகாலும் இருந்தாப் போதும். (தண்ணி இந்த லாவாவுலேருந்துதான் வந்துச்சா, பக்கத்து கிரானைட்டுலேருந்தா, இன்னும் ஆழத்துலேருந்தான்னு இன்னிக்கும் சண்டை ஓயல. என் ஓட்டு லாவாவுக்கு.)

இப்ப கடைசிக் கேள்வி, மேல ஏறுன தங்கம் ஏன் அங்க எறங்குச்சு? இங்கதான் கல்லோட கெமிஸ்ட்ரி மறுபடி வேலை செய்யுது. பசால்ட்டுல இரும்பு ஜாஸ்தி, பத்து சதவீதத்துக்கும் மேல இரும்பு ஆக்சைடு. இரும்புக்குக் கந்தகம்னா உயிர். தண்ணி பக்கத்துல வந்ததும் இரும்பு வண்டியையே புடுங்கிக்கிட்டு இரும்பு சல்ஃபைடா மாறிடும், பயணி நடுரோட்டுல நிப்பாரு, அதான் தங்கம். ஆஸ்திரேலியாவுல கால்கூர்லியில கூட இதே கதைதான், அங்க தங்கம் நல்லா புடிச்சது டோலரைட்டுங்கிற பசால்ட்டு குடும்பத்துப் பாறையில இரும்பு ரொம்ப ஏறுன அடுக்குல. கோலார்ல மெக்டாகார்ட் வெஸ்ட் மாதிரி மேற்குப் பக்கத்து ரேகைங்கள்ல தங்கம் இப்படி சல்ஃபைடோட சேந்து இருக்கும். ஆனா பேரு வாங்கிக் குடுத்த சாம்பியன் ரேகையில சல்ஃபைடு ரொம்பக் கம்மி, வெறும் குவார்ட்ஸ், அதுக்குள்ள தனித் தங்கம். அங்க இரும்பு மட்டும் காரணமா இருக்க முடியாது. வெடிப்பு திடீர்னு திறந்ததும் அழுத்தம் சடக்குனு கொறைஞ்சு, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பிரிஞ்சு, கந்தகமும் அதோட போய், தங்கமும் குவார்ட்ஸும் ஒண்ணா உறைஞ்சிருக்கும்னு சொல்றாங்க. ஒரே சுரங்கத்துல ரெண்டு விதமா தங்கம் எறங்கியிருக்கு, எனக்கு இதுதான் கோலார்லயே ரொம்பப் புடிச்ச விஷயம்.

தங்கம் தேடுறவங்களுக்கு இதுல என்ன லாபம்னா, மேல நான் நம்பாதீங்கன்னு சொன்னேன்ல அந்த உப்புங்க, பொட்டாசியம், ருபிடியம் எல்லாம், அதுதான் இங்க உதவும். தங்கத் தண்ணி போன வழியில கல்லுல பொட்டாசியம் ஏறி கருப்பு ஹார்ன்பிளெண்டு பழுப்பு பயோடைட்டா மாறும், கார்பன் டை ஆக்சைடும் கந்தகமும் ஏறும், பல பெல்ட்டுல ஆர்சனிக்கும் டங்ஸ்டனும் கூட. தங்க ரேகை ரெண்டு அடிதான் இருக்கும், அதைச் சுத்தி இந்தக் கறை பல மீட்டருக்குப் பரவியிருக்கும். அசையாத டைட்டானியத்தை அளவுகோலா வச்சுக்கிட்டு, மாறாத கல்லோட ஒப்பிட்டு, எது எவ்வளவு ஏறியிருக்குன்னு கணக்குப் போட்டுக்கிட்டே போனா ரேகை கிட்ட வந்துட்டோமான்னு தெரிஞ்சுடும்.

நம்ம பக்கமும் இந்தப் பெல்ட்டோட வால் வருது. கோலார்லேருந்து தெற்கே சித்தூர் மாவட்டத்துல சிகர்குண்டா, பிசாநத்தம், அங்கேயும் சுரங்கம் இருந்துச்சு, அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டத்துல மகாராஜகடை. அங்க போனா அதே கருப்பு ஆம்ஃபிபோலைட்டைப் பாக்கலாம், தங்கத்துக்காக ஆய்வும் நடந்திருக்கு, ஆனா இன்னொரு சாம்பியன் ரேகை கெடைக்கல. சித்தப்பா பையன் அங்கேருந்து கையளவு கல்லு ஒண்ணு எடுத்துட்டு வந்து இதுல தங்கம் இருக்கான்னு கேக்குறான். இருக்குடா, டன்னுக்கு 2 மில்லிகிராம்னேன். கல்லை அலமாரியில வச்சுட்டான்.